சிறு சங்கத்துக்கு எந்தச் சமூக ஊடகம்? தொடங்குவோருக்கான செய்முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், இளைஞர் கழகம், மாணவர் கல்விக்கு உதவும் நலன்புரிச் சங்கம் போன்ற அமைப்புகளில், சமூக ஊடகத்துக்கென்று தனி ஊழியர் இருப்பது அரிது. செயலாளரோ, போனைக் கையாளத் தெரிந்த ஓர் உறுப்பினரோ தமது வேலைகளுக்கு இடையில் அதைச் செய்கிறார். ஆகவே ஐந்து தளங்களில் கணக்குத் தொடங்கி ஐந்தையும் கைவிடுவதைவிட, இரண்டை ஒழுங்காக நடத்துவதே நல்லது.

படி 1: யாருக்காக என்று தீர்மானியுங்கள்

உறுப்பினர்கள், உதவி பெறும் குடும்பங்கள், வெளிநாட்டில் வாழும் ஊரவர்கள், பிரதேச செயலகம், நன்கொடை நிறுவனங்கள் என்று உங்களோடு தொடர்புடையோரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் எதைப் பார்க்கிறார் என்பதை ஊகிக்காமல் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள கிராமம் ஒன்றில் வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட் போன் இருந்து, அதுவும் பாடசாலைப் பிள்ளையின் கையில் இருக்கலாம். கல்முனைப் பக்கத்தில் மத்திய கிழக்கில் இருப்போருடன் பேசுவதற்காகவே சிலர் இமோ என்ற அழைப்புச் செயலியை வைத்திருக்கலாம். உறவினருடன் பேசும் செயலி ஒன்றில் சங்கத்தின் அறிவித்தலையும் படிப்பார்கள் என்று எண்ணக்கூடாது. பெரும்பாலான சங்கங்களுக்கு, உறுப்பினர்களுக்கு வட்ஸ்அப், வெளியாருக்கு முகநூல் பக்கம் என்ற இரண்டே போதும் என்பது என் கருத்து.

படி 2: வட்ஸ்அப்பை அமையுங்கள்

சங்கத்தின் பெயரில் தனி சிம் அட்டை ஒன்றை எடுத்து, அதில் கணக்கைத் தொடங்குங்கள். ஒருவருடைய சொந்த இலக்கத்தில் தொடங்கினால், அவர் பதவி விலகும்போது எல்லாத் தொடர்புகளும் அவருடனேயே போய்விடும். கணக்கை வேறொருவர் கைப்பற்றாமல் காக்கும் இரு கட்டச் சரிபார்ப்பை (two-step verification) இயக்கி, அதன் ஆறு இலக்க எண்ணைச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் அறிந்திருங்கள். குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்புக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

ஒரு குழுவில் 1024 பேர்வரை சேர்க்கலாம் என்றாலும், சாதாரணக் குழுவில் ஒவ்வொருவருடைய இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அதிகமுள்ள சங்கத்தில் இது தொல்லையான அழைப்புகளுக்கு வழிவிடும். நிர்வாகக் குழுவுக்கு மட்டும் குழுவை வைத்துக்கொண்டு, ஏனையோருக்கு, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலை (broadcast list) பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் அடங்குவர். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். எனவே அடுத்த கூட்டத்திலேயே எல்லோரையும் இலக்கத்தைச் சேமிக்கச் செய்யுங்கள். குழுதான் வேண்டுமென்றால், நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் கூட்ட அறிவித்தல் புதைந்துவிடும்.

படி 3: முகநூலில் பக்கம் திறவுங்கள்

சங்கத்தின் பெயரில் தனிநபர் கணக்குத் தொடங்குவது முகநூலின் விதிகளுக்கு முரணானது. அதில் 5000 நண்பர்களுக்கு மேல் சேரவும் முடியாது. உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தை உருவாக்கி, குறைந்தது இரண்டு பேருக்கு முழு அதிகாரம் கொடுங்கள். அறிமுகப் பகுதியில் பதிவு இலக்கம், முகவரி, தொலைபேசி ஆகியவற்றை எழுதுங்கள். வங்கிக் கணக்கைக் குறிப்பிடுவதானால், அது சங்கத்தின் பெயரில் உள்ள கணக்காக மட்டுமே இருக்க வேண்டும்.

கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த அறிக்கையை அப்படியே ஒட்டினால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிய பின்னரே ஒட்டுங்கள். அறிவித்தலைப் படமாக மட்டும் வெளியிடாமல், அதே விபரத்தை எழுத்திலும் சேர்த்தால் தேடுவோருக்கு அகப்படும். பார்வைக் குறைபாடுள்ளோரின் போனும் அதை வாசித்துக் காட்டும். அம்பாறையில் சிங்கள மொழி வாசகரும் உள்ளதால், முக்கிய அறிவித்தல்களுக்குச் சிங்களத்தில் இரண்டு வரி சேர்ப்பது பயன் தரும்.

படி 4: எதை வெளியிடுவது

இங்கேதான் பல சங்கங்கள் தவறிவிடுகின்றன. உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்து, வாங்குபவரை கமராவைப் பார்க்கச் சொல்லி எடுக்கும் படத்தை நான் ஆதரிப்பதில்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் அந்த நேரத்தில் மறுத்துப் பேசும் நிலையில் இருப்பதில்லை. அந்தப் படமோ ஊரில் அவருடைய பிள்ளைகளையும் பின்தொடரும். வேலையையே காட்டுங்கள்: வெள்ளம் வடிந்தபின் இறைத்துச் சுத்தம் செய்யப்பட்ட கிணறு, பொதிகள் கட்டும் இடம், வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டு, மொத்தச் செலவு. நன்கொடையாளர் அறிய விரும்புவது பணம் எங்கே போனது என்பதை. அதற்கு யாருடைய முகமும் தேவையில்லை. முகம் தேவைப்படும் இடத்தில், படம் எங்கே போகும் என்பதை விளக்கி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் இருந்தாலும் பெயர், பாடசாலை, வீட்டின் அமைவிடம் மூன்றையும் விலக்குங்கள்.

வாரத்துக்கு ஒரு பதிவு போதும். ஊரவர்கள் இலண்டனிலும் டொராண்டோவிலும் இருந்தால் இரவு எட்டு மணி பொருத்தமானது. அப்போது இலண்டனில் பிற்பகல், டொராண்டோவில் காலை. முகநூல் பக்கங்களை நடத்துவதற்கான மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவியில் பதிவை முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைக்கலாம்.

யூடியூபையும் இன்ஸ்டகிராமையும் இப்போதைக்கு விடுங்கள். பயிற்சிக் காணொளி போல நீண்டகாலம் பயன்படும் பொருள் கைவசம் இருக்கும்போது யூடியூப் தொடங்கலாம்.

படி 5: தளம் இயங்காத நாளுக்கு ஆயத்தம்

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னரும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 4 அன்று முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் ஒன்றாகவே நின்றன, ஏனெனில் மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை (இன்றைய பெயர் மெட்டா). நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்காலத்தில் மின்சாரமும் துண்டிக்கப்படலாம். உறுப்பினர் இலக்கங்களைக் கொப்பி ஒன்றில் எழுதி, ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் தகவல் சொல்லும் ஒருவரை நியமித்து, குறுஞ்செய்தி அனுப்புவதற்கெனச் சங்க சிம்மில் எப்போதும் மீதி வைத்திருங்கள். மழைக்காலம் தொடங்குமுன், ஒக்டோபரில், கொப்பியில் உள்ள அந்த இலக்கங்களுக்கு ஒரு பரீட்சார்த்தக் குறுஞ்செய்தி அனுப்பி, பதில் வராத இலக்கங்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.