கீட்டோவும் வெயிட் டிரெய்னிங்கும்: எடை குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீட்டோ என்பது மாவுச்சத்தை, அதாவது கார்பை, வெகுவாகக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறை. சோற்றையும் இட்லியையும் நிறுத்திய முதல் வாரத்திலேயே தராசு இரண்டு, மூன்று கிலோ இறங்கிக் காட்டும். அதில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கார்பை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே கொண்டுவந்ததும் சேமிப்பு குறைகிறது, தண்ணீரும் சிறுநீரில் போய்விடுகிறது.

இது தெரியாதவர் நாலாவது வாரம் எடை நின்றுவிட்டதே என்று பதறுகிறார். சாப்பாட்டை இன்னும் குறைக்கிறார், டிரெட்மில்லில் அரை மணி நேரம் கூட்டுகிறார். சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்திருக்கும். ஆனால் கன்னம் ஒட்டி, தோள் இறங்கி, தொப்பை மட்டும் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். கொழுப்போடு தசையும் சேர்ந்து போனதன் அடையாளம் இது. கீட்டோ தசையைக் காப்பாற்றித் தராது. அதைச் செய்வது போதுமான புரதமும், தொடர்ந்து தூக்கும் பளுவும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கார்ப் கணக்கு மட்டும் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

வெண்ணெயை அள்ளிச் சாப்பிடுவது

கீட்டோ என்றால் கொழுப்பை நிறையச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இந்த உணவுமுறையை முன்வைத்தது வலிப்பு நோய்க்காக. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் தரப்படும் அந்தப் பழைய முறையில் கலோரியில் 90 சதவீதம் வரை கொழுப்பிலிருந்தே வரும். புரதத்தைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள். கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோனின் அளவு ரத்தத்தில் உயர்ந்தே இருக்க வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் தேவை. தொப்பையைக் குறைக்க ஜிம்முக்குப் போகிறவருக்கு அந்தத் தேவை கிடையாது. அவருக்குக் கரைய வேண்டிய கொழுப்பு இடுப்பிலேயே இருக்கிறது.

நம் ஊரில் பேலியோ என்ற பெயரில் பலர் சாப்பிடும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்ட காபி, கூடவே 100 பாதாம். மதியம் சோற்றுக்குப் பதில் நெய் தாராளமாக விட்டுத் துருவிய காலிஃப்ளவர், இரண்டு முட்டை. சாயங்காலம் அரை மூடித் தேங்காய். இரவு 200 கிராம் பனீர். ஒரு பருக்கை சோறு இல்லை. ஆனால் கூட்டிப் பாருங்கள்: பாதாம் மட்டுமே 600 கலோரியைத் தாண்டும், மொத்தம் 2,200-ஐ எட்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் 85 கிலோ மனிதரின் உடம்பு செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு எப்படிக் குறையும்? புரதமோ 80 கிராம் அளவில்தான் வரும்.

எடை குறைக்கும்போது வெயிட் தூக்குகிறவருக்குத் தினமும் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல கணக்கு. அதிகப் பருமனாக இருந்தால் இப்போதைய எடையை விட்டுவிட்டு இலக்கு எடைக்குக் கணக்கிடலாம். 85 கிலோ இருப்பவர் 75-க்கு வர நினைத்தால் 120 கிராம். காலையில் முருங்கைக்கீரை போட்டு நாலு முட்டை ஆம்லெட், மதியம் எலும்பில்லாத கோழி அல்லது மீன் கால் கிலோ, கூடவே ஒரு தட்டு காய், ஒரு சின்னக் கிண்ணம் தயிர், மாலையில் 20 பாதாம், இரவு 150 கிராம் பனீரும் காயும். இதில் 120 கிராம் வந்துவிடும், கலோரி 1,600-க்குள் அடங்கும். புரதம் எட்ட வேண்டிய அளவு, கார்ப் தாண்டக்கூடாத அளவு. கொழுப்பைச் சமைக்கவும் ருசிக்கவும் தேவையான அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. கீட்டோ ஆய்வு அல்ல அது. ஆனால் இந்த விஷயத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. நாலு வாரம் எல்லோருக்கும் கலோரியை 40 சதவீதம் குறைத்தார்கள், எல்லோரும் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், தசை ஏறவில்லை. 2.4 கிராம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு 1.2 கிலோ தசைத்திணிவும் கூட்டிக்கொண்டார்கள். நாலே வாரத்தில் இது பெரிய வித்தியாசம்.

சைவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. பருப்பு, சுண்டல் எல்லாவற்றிலும் புரதத்தைவிட மாவுச்சத்துதான் அதிகம். பனீரை மட்டும் நம்பினால் கொழுப்பு ஏறிவிடும். சோயா சங்க்ஸ் உலர்ந்த எடையில் 50 கிராம் போட்டால் 25 கிராம் புரதம் கிடைக்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி ஒரு ஸ்கூப்பில் 20-லிருந்து 25 கிராம் வரும். இவை பிடிக்காத சைவர் 20, 30 கிராம் கார்ப் என்று கண்டிப்பாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. 80, 100 கிராம் வரை கார்ப் வைத்துக்கொண்டு, பருப்பையும் சேர்த்து, புரதத்தை ஒழுங்காக எட்டினால் எடை நன்றாகவே குறையும். 2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த கொழுப்பு உணவில் சராசரியாக 5.3 கிலோ, குறைந்த கார்ப் உணவில் 6 கிலோ குறைந்தது. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. எதைக் கடைசிவரை கடைப்பிடிக்க முடியுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாத்திரை போட்டுக்கொண்டே ஆரம்பிப்பது

இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தளவை மாற்றாமல் கார்பை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். அன்றைக்கு ஸ்குவாட்டும் (பளுவோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் இன்னும் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ், மீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்ட சரியாகக் காட்டும்போதே வந்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இதை எச்சரித்திருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் "கீட்டோ ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோவைத் தொடவே கூடாது.

பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதல் வகை சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தாங்களாக இந்த முயற்சியில் இறங்கவே வேண்டாம். மற்றவர்கள் தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக ஏறுகிறது. ஏறினால் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயை முதலில் குறைக்க வேண்டும்.

உப்பை மறப்பது

முதல் வாரத் தலைவலி, கிறுகிறுப்பு, ராத்திரி கெண்டைக்காலில் சதைப்பிடிப்பு, இவற்றுக்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம். கார்ப் குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடும். ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று வழக்கமாக உப்பு வந்த வழிகளும் அடைபட்டிருக்கும். அதோடு மே மாத வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் ஜிம்மில் பனியன் நனையப் பயிற்சி செய்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பிரஷர், இதய, சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்கள் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு எலுமிச்சைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் குடிக்கலாம். ஆட்டுக்கால் சூப்பும் நல்லது. பொட்டாசியம் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், கீரையும் காளானும் போதும்.

ஜிம்மில் நடக்கும் தவறுகள்

உணவை மாற்றிய அதே வாரத்தில் ஜிம்மிலும் சேர்ந்து, முதல் நாளே மாஸ்டர் சொன்ன எல்லாவற்றையும் செய்து முடிப்பவர்கள் பத்தாவது நாள் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பத்து ரெப்ஸ், அதாவது நிறுத்தாமல் பத்துத் தடவை, ஸ்குவாட் செய்யும் ஒரு செட்டுக்குத் தசை எரிப்பது பெரும்பாலும் உடனடி ஆற்றலுக்காக அது வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் கிளைகோஜனையும்தான். அவ்வளவு வேகத்தில் கொழுப்பை எரிக்க உடம்பால் முடியாது. அதனால் முதல் இரண்டு, மூன்று வாரம் பலம் குறைந்த மாதிரி தெரியும். அந்த நாட்களில் செட்டைப் பாதியாக்குங்கள், எடையைக் கொஞ்சம் இறக்குங்கள், புதிய சாதனை எதுவும் முயல வேண்டாம். 2012-இல் இத்தாலியில் உயர்நிலை ஜிம்னாஸ்டிக் வீரர்களுக்கு 30 நாள் கீட்டோ உணவு கொடுத்துப் பார்த்தபோது பலம் குறையவில்லை, கொழுப்பு குறைந்தது. பழகிய உடம்பும் நிறைந்த புரதமும் இருந்தால் பலம் தங்கும்.

இதைவிடப் பெரிய தவறு, "எடை குறைக்கத்தானே வந்தோம்" என்று இரண்டு கிலோ டம்பெல்லை இருபது, முப்பது தடவை ஆட்டிக்கொண்டிருப்பது. லேசான எடையை நிறையத் தடவை தூக்கினால் அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்று இன்னும் பல ஜிம்களில் சொல்கிறார்கள். கரையாது. தசைக்கு "நீ தேவைப்படுகிறாய்" என்று உணர்த்தும் அளவுக்குப் பளு இருக்க வேண்டும். பெண்களைப் பளுவிலிருந்து விலக்கி படி ஏறுவது போன்ற ஸ்டெப்பர் இயந்திரத்தின் பக்கம் அனுப்புவதும் இதே வகைதான். அவர்களுக்குத் தசை அவ்வளவு சுலபத்தில் பெருகாது, எலும்பு உறுதிக்கோ பளு அவசியம்.

கீட்டோவில் இருப்பவருக்கு வாரம் மூன்று நாள் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்குவாட், தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்ட் வகை ஒன்று, தள்ளும் பயிற்சி ஒன்று, இழுக்கும் பயிற்சி ஒன்று. ஐந்திலிருந்து எட்டு ரெப்ஸ், மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. கிளைகோஜன் குறைவாக இருக்கும்போது ஓய்வே இல்லாமல் பல பயிற்சிகளை அடுத்தடுத்துச் செய்யும் சர்க்யூட் பயிற்சிதான் முதலில் சரியும். மற்ற நாட்களில் நடந்தால் நல்லது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, எந்தப் பயிற்சியில் எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் என்று எழுதுங்கள். தராசைவிட அந்த நோட்டு நேர்மையாகப் பேசும். முதல் மாதத்துக்குப் பிறகு எடை குறைந்துகொண்டே, நோட்டில் எண்கள் நிலையாகவோ ஏறியோ இருந்தால் கரைவது கொழுப்பு. இரண்டும் சேர்ந்து சரிந்தால் புரதத்தையும் தூக்கத்தையும் பாருங்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அதை அலட்சியப்படுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தெரியாமல் வரும் கார்ப்

200 மில்லி பாலில் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாலு காபி குடித்தால் அன்றைய கார்ப் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். கருப்பட்டியும் சர்க்கரைதான். தினை, கேழ்வரகு உடம்புக்கு நல்லவை, ஆனால் 100 கிராமில் 60, 70 கிராம் மாவுச்சத்து இருப்பதால் கீட்டோவுக்கு ஆகாது. ஹோட்டல் சிக்கன் 65-இல் சோளமாவு, குருமாவில் முந்திரி.

சிறுநீரில் தொட்டுப் பார்க்கும் கீட்டோன் பட்டையின் நிறத்துக்காக வெண்ணெயைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்ட வெண்ணெயிலிருந்தும் கீட்டோன் வரும். பட்டை கருஞ்சிவப்பாவதால் இடுப்பு குறைகிறது என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கள்கிழமை தராசில் ஏறி ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது என்று பட்டினி கிடப்பதும் வேண்டாத வேலை. கூடியது பெரும்பாலும் கிளைகோஜனோடு திரும்பிய தண்ணீர்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், அந்த வாரப் பயிற்சியை விடாதீர்கள்.

இலக்கு எடை வந்த பிறகு சோற்றுக்குத் திரும்புவதிலும் ஒரு முறை வேண்டும். பயிற்சி நாட்களில் மதியம் அரைக் கப் சோறு என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு அரைக் கப் கூட்டலாம். புரதத்தில் கை வைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாளாவது ஜிம் இருக்கட்டும். பலர் தவறுவது இதில்தான்: சோறு தட்டுக்குத் திரும்பிவிடும், கீட்டோவில் பழகிய நெய்யும் பாதாமும் அதே அளவில் தொடரும். ஒரு கப் சோறு 200 கலோரி. அதைச் சேர்க்கும் நாளில் ஒன்றரை மேசைக்கரண்டி நெய்யைத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.