சீக்கிரம் ஓய்வு பெற இருவருக்கு மாதம் எவ்வளவு வேண்டும்?

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் வருடச் செலவை வைத்து ஓய்வுக்காலக் கணக்குப் போடாதீர்கள். வாடகை முன்பணம், விசாக் கட்டணம், வீட்டுச் சாமான் என்று அந்த வருடம் ஒருமுறைச் செலவுகள் நிறைய இருக்கும். இரண்டாம் வருடம் முடிந்ததும் பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள்.

வேலைக்குப் போய்வரும் செலவு, கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு மூன்றும் ஒருநாள் நிற்கும், கழித்துவிடலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தை அப்படி அடித்துவிட முடியாது. எதுவரை அனுப்ப வேண்டியிருக்கும் என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். பலர் தள்ளிப்போடும் பேச்சு இதுதான். அப்புறம், இன்று கம்பெனி கட்டும் மருத்துவக் காப்பீட்டை நாளை நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம். அதையும், வரியையும், விமான டிக்கெட், வண்டி ரிப்பேர் போன்ற எப்போதாவது வரும் வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டாலரோ பவுண்டோ, மாதம் 3,000 என்று வந்ததாக வைப்போம். வருடத்துக்கு 36,000. அதைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் செய்த ஆய்விலிருந்து பிறந்த கணக்கு அது. அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கச் சந்தை, 30 வருட ஓய்வு. 50 வயதில் வேலையை விடுபவருக்கு 40 வருடம்கூடத் தேவைப்படலாம். நான் 30 மடங்கு என்றே வைப்பேன்: 10,80,000.

இந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். 67 வயதில் இருவருக்கும் சேர்த்து மாதம் 1,200 ஓய்வூதியம் வருமானால், ஆயுள் முழுவதற்கும் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 1,800தான். வருடத்துக்கு 21,600, அதன் 30 மடங்கு 6,48,000. நடுவில் உள்ள 17 வருடத்துக்கு மட்டும் மாதம் 1,200 கூடுதலாக வேண்டும், அது 2,44,800. மொத்தம் 8,92,800. எல்லாம் இன்றைய மதிப்பில். சேமிப்பு விலைவாசிக்கு ஈடாகவாவது வளர வேண்டும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் 24 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 6 சதவீதமென்றால் 12 வருடமே போதும். ஆகவே எந்த நாட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கப்போகிறீர்களோ அந்த நாட்டு விலைவாசியில், அந்த நாட்டுப் பணத்தில் போடுங்கள்.

அந்த ஓய்வூதியம் உங்களுக்கு உண்டா என்பதையும் இப்போதே பாருங்கள். பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 தகுதி வருடங்கள் (தேசியக் காப்பீட்டுக் கணக்கில் ஏறிய வருடங்கள்) வேண்டும். அமெரிக்காவில் 40 கிரெடிட் (வேலை செய்து சம்பாதிக்கும் புள்ளிகள்), அதுவும் ஏறக்குறைய 10 வருட வேலை. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை நாட்டைவிட்டுப் போன பிறகும் வாங்க, பொதுவாக 18 வயதுக்குப் பின் 20 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வருடம் மூட்டை கட்டுபவர்கள் இதை யோசித்துக் கட்டுங்கள்.

ஒருவர் முந்திப் போய்விட்டால் செலவு பாதியாகாது. வாடகையும் மின்கட்டணமும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஏறக்குறைய 70 சதவீதம் தேவைப்படும் என்று வைத்து, அதாவது 2,100, ஓய்வூதியத்தில் துணைக்கு எவ்வளவு தொடரும் என்று கேட்டு எழுதிவையுங்கள்.