ஃப்ளூ வாரமும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி மாதம் என்றால் குளிர். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அதே வாரங்களில்தான் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்கு ஒருவர் ஃப்ளூவில் படுத்திருப்பார். கொலஸ்ட்ரால் மாத்திரையைப் புதிதாக ஆரம்பித்தவர் என்றால் அந்த முதல் குளிர்காலத்திலேயே தடுமாறுவார்: விழுங்க வேண்டிய வாரத்தில் நிறுத்துவார், நிறுத்த வேண்டிய வாரத்தில் விழுங்குவார். மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களும் புதிதில் இதற்குத் துணைபோனவர்கள்தான். தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

உடம்பு வலிக்கிறது என்று தானாக நிறுத்துவது

ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை தசைவலி தரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஃப்ளூ வந்ததும் இடுப்பு, தொடை, தோள் எல்லாம் வலிக்கும். பழி மாத்திரை மேல் விழும். ஃப்ளூ வலி காய்ச்சலோடு வந்து, காய்ச்சல் இறங்க இறங்கக் குறையும். அதற்குப் பனடோ (பாரசிட்டமால்) போதும், மாத்திரை தொடரட்டும்.

அந்த வாரத்தில் மாத்திரையைக் கைவிடுவது ஏன் பிழை? கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு, முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வேகம் மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. நோய்த்தொற்று தரும் அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவை உலுக்கிவிடுகிறது. ரத்தமும் எளிதில் உறைகிறது. ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாத வாரம் இதுதான்.

சிம்வாஸ்டாட்டின் மேல் கிளாரித்ரோமைசின்

இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம்.

வழக்கமான காட்சி இது. அறுபத்தைந்து தாண்டிய ஆயாவுக்கு அரசு கிளினிக்கில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை அம்லோடிபினும், ராத்திரிக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டாட்டினும் கிடைக்கின்றன. சனிக்கிழமை இருமல் முற்றுகிறது, கிளினிக் மூடியிருக்கும். மகன் தனியார் டாக்டரிடம் கூட்டிப்போகிறார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்கிறார் ஆயா. டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கை 500 மி.கி. காலை, மாலை, ஏழு நாளைக்கு என்று எழுதுகிறார். கிளினிக் அட்டை வீட்டு அலமாரியில் இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாது, மருந்துக்கடைக்குத் தெரியாது, ஆயாவும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது தினமும் போடும் மாத்திரை, “மருந்து” இல்லை.

உடம்புக்குள் நடப்பது இது. சிம்வாஸ்டாட்டினைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உடைப்பது சைப் 3ஏ4 என்ற நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். உடைபடாத மாத்திரை ரத்தத்தில் பத்து மடங்கு வரை ஏறுகிறது. அதாவது 20 மி.கி. மாத்திரை கிட்டத்தட்ட 200 மி.கி. போல வேலை செய்கிறது. 80 மி.கி. அளவையே தசைச் சேதத்துக்குப் பயந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-ல் கட்டுப்படுத்தியது. அம்லோடிபினும் தன் பங்குக்குச் சிம்வாஸ்டாட்டினை ஏற்றும்; அதனால்தான் இரண்டும் சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

இப்படி ஏறினால் தசை இழைகள் சிதையும். சிதைந்த தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். தொடையிலும் தோளிலும் வலி, அதைவிட முக்கியமாகப் பலவீனம்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, படி ஏற முடியாது. சிறுநீர் ரூய்போஸ் தேநீர்போலச் செம்பழுப்பு நிறத்தில் போகும். இதெல்லாம் ஃப்ளூ வலி என்று நினைத்து மூன்று நாள் காத்திருப்பதுதான் ஆளைச் சாய்க்கும். காய்ச்சல் இறங்கியும் வலி ஏறுகிறது என்றால், சிறுநீர் கறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசைச் சேதத்தைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள்.

தடுக்கும் வழி எளிது. எந்த ஆண்டிபயாடிக்கானாலும் வாங்குமுன், தினமும் போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையிலும் மருந்துக்கடைக் கவுண்டரிலும் வையுங்கள். பெயர் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை, பெட்டி பேசும். அமோக்சிசிலினும் டாக்சிசைக்கிளினும் இந்த நொதியைத் தொடுவதில்லை. அசித்ரோமைசினும் பெரும்பாலும் தொடாது, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் அதையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். எரித்ரோமைசின் கிளாரித்ரோமைசினின் உடன்பிறப்பு; சிம்வாஸ்டாட்டினோடு அதுவும் கூடாது. வேறு வழியில்லை, கிளாரித்ரோமைசின்தான் என்றால், அந்தக் கோர்ஸ் முழுக்கச் சிம்வாஸ்டாட்டினை நிறுத்த வேண்டும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் என்றால் டாக்டர் பெரும்பாலும் ஆண்டிபயாடிக்கைத்தான் மாற்றுவார். அடோர்வாஸ்டாட்டினும் ஏறும், ஆனால் குறைவாக. அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று கேளுங்கள். ரோசுவாஸ்டாட்டினும் பிரவாஸ்டாட்டினும் இந்த நொதியை நம்பி இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், வந்தது வைரஸ் காய்ச்சல் மட்டுமே என்றால் ஆண்டிபயாடிக்கே தேவையில்லை. மிச்சம் வைத்த கிளாரித்ரோமைசினைப் பக்கத்து வீட்டு அக்கா “ரெண்டு போடு, சரியாயிடும்” என்று கொடுப்பது இன்னும் நிற்கவில்லை.

“கொலஸ்ட்ரால் மாத்திரை போடறேன், ஃப்ளூ ஊசி எதுக்கு?”

ஸ்டாட்டின் போடுகிறவர்கள் ஃப்ளூவிலும் கோவிடிலும் குறைவாகச் செத்தார்கள் என்று பல ஆய்வுகள் வந்தது உண்மைதான். ஆனால் அவை ஏற்கெனவே மாத்திரை போடுகிறவரையும் போடாதவரையும் ஒப்பிட்டவை, மருந்தை மட்டும் தனியாகச் சோதித்தவை அல்ல. தவறாமல் மாத்திரை போடுகிறவர் ஊசியும் போடுவார், சர்க்கரையும் பார்ப்பார், இருமல் வந்தால் சீக்கிரம் டாக்டரிடமும் போவார். இன்னொரு சிக்கலும் உண்டு: மாத்திரை விழுங்கக்கூட முடியாத நிலையில் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை நின்றுவிடும். பிறகு கணக்கெடுத்தால், நிறுத்தியவர்தான் மோசம் என்று தெரியும்.

சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்குப் போலி மாத்திரையோ வழக்கமான சிகிச்சை மட்டுமோ கொடுத்த சோதனைகளில் அந்தப் பளபளப்பு குறைந்தது. கடும் நுரையீரல் பாதிப்புக்கு ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து 2014-ல் வந்த முடிவுகளில் பலன் தெரியவில்லை. ஈரானில் தீவிர சிகிச்சையில் இருந்த கோவிட் நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்தபோதும் தெளிவான வித்தியாசம் இல்லை. 2023-ல் வெளிவந்த பெரிய சர்வதேசச் சோதனையில் மோசமான கோவிட் நோயாளிகளுக்குச் சிம்வாஸ்டாட்டின் 80 மி.கி. கொடுத்தார்கள். பலன் இருப்பதற்கான வாய்ப்பு 96 சதவீதம் என்று கணக்கு வந்தது. முன்பே வைத்த கோடு 99. நம்பிக்கை தருகிறது, ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்காணிப்போடு. வீட்டில் மாத்திரையை இரட்டிப்பாக்க இது அனுமதிச் சீட்டு அல்ல.

இதயத்துக்காக எழுதிய மாத்திரை இதயத்துக்கே. ஃப்ளூவுக்கு ஊசி, அதுவும் மார்ச், ஏப்ரலிலேயே. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும்.

கோவிட் மாத்திரை, டிபி, எச்ஐவி

பாக்ஸ்லோவிடில் ரிடோனவிர் இருக்கிறது. அதுவும் அதே நொதியை முடக்கும். சிம்வாஸ்டாட்டினை 12 மணி நேரம் முன்பே நிறுத்தி, அந்த 5 நாளும், பிறகு இன்னொரு 5 நாளும் தொடக் கூடாது. ரிடோனவிர் சேர்ந்த எச்ஐவி மருந்து எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டினே ஆகாது. இன்னொரு எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிருக்கு இந்தத் தொல்லை இல்லை. டிபிக்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு: ஸ்டாட்டினைச் சீக்கிரம் உடைத்துவிடும், கொலஸ்ட்ரால் ஏறும்.

காய்ச்சலோடு கொலஸ்ட்ரால் பார்ப்பது

வேண்டாம். நோயில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) பொய்யாக இறங்கும். “நார்மல் ஆயிடுச்சு” என்று மாத்திரையை விடுவார்கள். தேறிச் சில வாரம் கழித்துப் பாருங்கள்.

கிரேப்ஃப்ரூட்

சளிக்கு நல்லது என்று தினமும் ஜூஸ். குளிர்காலம்தான் இங்கே அதன் சீசனும். சிம்வாஸ்டாட்டினோடு கூடாது. ஆரஞ்சு சாப்பிடுங்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை

அதுவே லோவாஸ்டாட்டின்தான், பெயர் மட்டும் இயற்கை.

நேற்று விட்டதற்கு இன்று இரண்டு

கூடாது.

மறுபடி ஆரம்பிக்க மறப்பது

டாக்டர் சொல்லி ஏழு நாள் நிறுத்துவதால் பெரும்பாலானவர்களின் இதயத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அந்த ஏழு நாள் மூன்று மாதமாகிவிடுவதில்தான் நஷ்டம். கிளாரித்ரோமைசின் முடக்கிய நொதி மீளவும் சில நாளாகும். அதனால் “கோர்ஸ் முடிஞ்சதும் போடுங்க” என்று வாயால் சொன்னால் போதாது. நிறுத்தச் சொல்லும்போதே மறுபடி தொடங்கும் தேதியைக் கேட்டு, சிம்வாஸ்டாட்டின் பெட்டி மேல் பேனாவால் எழுதுங்கள். ஆடியில் நிறுத்திய பெட்டி புரட்டாசி விரதம் வந்தும் பிரிக்காமல் கிடந்தால், கிளினிக்கில் மறைக்க வேண்டாம். மறைத்தால், ஏறியிருக்கும் எண்ணைப் பார்த்து மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். ஸ்டாட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டியதில்லை. வேறு புது மருந்து எதுவும் சேரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அன்று ராத்திரியே பழைய அளவில் போடலாம்.