கல்லூரி நூலகத்தில் மாதம் ஒரு நாள், பத்துப் புத்தகம்

சிறப்பு நாள் வந்தால் ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்புக்குக் காட்டும் ஃபைலுக்காக நாலு போட்டோ எடுத்து வைக்கிறோம். ஆனால் அன்றைக்கு எத்தனை புத்தகம் வெளியே போனது என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பதில் கிடைக்காது. என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கவுன்டர் பக்கத்தில் ஒரு மேசை, மாதத்துக்கு ஒரு சிறப்பு நாள், அதையொட்டிப் பத்துப் புத்தகம். இவ்வளவுதான் திட்டம்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் செமஸ்டர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாட்களைக் குறித்துவிடுங்கள். நூலகத்துக்கென்று உள்ள பெரிய நாட்களே தோதான நேரத்தில் வருவதில்லை; தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை, உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23, இரண்டுமே பல கல்லூரிகளில் தேர்வை ஒட்டி வரும். அப்போது பேச்சாளரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டால் பிள்ளைகள் மடியில் நோட்ஸை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. கூட்டத்தை மூன்று வாரம் முன்னால் நடத்திவிட்டு, தேர்வு வாரத்தில் வாசிப்பு அறையை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள்.

ஆகஸ்ட் 12 நல்ல நேரத்தில் வருகிறது. எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள், தேசிய நூலகர் நாள். சீர்காழிக்காரர், கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அன்றைக்கு முதலாமாண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு புத்தகப் பெயரைக் கொடுத்து, ஓபாக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில் தேடி, ரேக்கிலிருந்து அவர்களையே எடுத்து வரச் சொல்லுங்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கும் நூலகத்தில் முதுகில் 894.811 என்று ஒட்டியிருந்தால் தமிழ் இலக்கியம், 519.5 என்றால் புள்ளியியல் என்பது ஒருமுறை கையால் எடுத்துவிட்டால் மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்த நாள் டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். 1903இல், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜி.எஸ்.கார் தொகுத்த கணிதப் புத்தகம் ஒரு நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது, அதுவும் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துப் பிரதி. பெரிய விளக்கம் இல்லாமல் ஆயிரக்கணக்கான முடிவுகளை மட்டும் வரிசையாக அடுக்கிய புத்தகம், அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். ஒரு கல்லூரி நூலகப் புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்! இந்த நாலு வரியைக் கையால் எழுதி மேசையில் வையுங்கள், போதும்.

சரி, மேசைக்கு வருவோம். புத்தகத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால் அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகி, நுனி வெளியே தெரியும்படி விட்டு, ‘பக்கம் 47, இரண்டாவது பத்தி’ என்று மட்டும் எழுதுங்கள், கை தானாகவே பிரிக்கும். சீட்டு எழுதும் வேலையை நூலகத்துக்கு அடிக்கடி வரும் மாணவர்களிடம் கொடுத்தால், எழுதுவதற்காகவாவது படிப்பார்கள், நண்பர்களையும் இழுத்து வருவார்கள்.

புதுப் புத்தகங்கள் வந்தால் முழு லாட்டும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பில்லைச் சரிபார்த்ததும் முதல் பத்தை எடுத்து அக்சஷன் நம்பர் (நூலகப் பதிவேட்டு எண்), முத்திரை, லேபிள், ஓபாக் பதிவு எல்லாம் முடித்து வெளியே வைத்துவிடுங்கள். துறை வாட்ஸ்அப் குழுவுக்கு அட்டைப் படத்தோடு பொருளடக்கப் பக்கத்தையும் அனுப்புங்கள், ஆசிரியர்கள் பார்ப்பது அதைத்தான். ‘பார்வைக்கு மட்டும்’ என்று மாதக்கணக்கில் பூட்டி வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் போதும், அதுவரை பக்கத்திலேயே ஒரு நோட்டில் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு வரிசைப்படி கொடுக்கலாம்.

மாதக் கடைசியில் அந்தப் பத்தில் எத்தனை இஷ்யூ ஆனது என்று எடுத்து அதே நோட்டில் குறித்துவிடுங்கள். யாரும் தொடாத புத்தகத்தை அடுத்த முறை மாற்றுங்கள். அப்புறம், மேசைக்கு அடியில் எப்போதும் ஐந்து புத்தகம் சீட்டு செருகித் தயாராக இருக்கட்டும், ஒன்று போனதும் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம்.