மழை நாளில் மாவு பொங்க: சூடு வைப்பதில் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது என்று சொல்பவர்கள் டிசம்பர் கடைசியில் இட்லிக்கு அரைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்கும். 2018ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய நாள்களில், 22 டிகிரியையொட்டி வந்து நின்றது. லண்டனில் இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால், இரவு பத்து மணிக்கு மூடி வைத்துக் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் வழியப் பொங்கும் மாவு, அந்த நாள்களில் வைத்தது வைத்தபடி கிடக்கும். மழையே இல்லாவிட்டாலும், வரவேற்பறையோடு ஒட்டிய திறந்த சமையலறையும் இரவெல்லாம் ஓடும் குளிர்சாதனமும் உள்ள வீட்டில் ஆண்டு முழுவதும் இதே கதைதான்.

உடனே ஒருவர் போர்வையைத் தேடுவார், இன்னொருவர் ரைஸ் குக்கரைத் திறப்பார், மூன்றாமவர் சோடா உப்பை எடுப்பார். இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை, மாவுக்கு வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் பிறப்பவை. மாவு கேட்பது 28 முதல் 32 டிகிரி வரையிலான இளஞ்சூடு. அரைக்கும்போதே அதை மாவுக்குள் வைத்துவிட்டு, பிறகு இறங்காமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது.

இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. அவற்றில் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாதான் முதலில் களத்தில் இறங்குகிறது. அது புளிப்பை உண்டாக்குவதோடு கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் மாவு உயர்கிறது. இந்த பாக்டீரியாவுக்கு 20 முதல் 30 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும். அதாவது 22 டிகிரியில் அது சாவதில்லை, மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். இத்தகைய உயிர்வினைகளில் பத்து டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எட்டு மணி நேரம் பன்னிரண்டு, பதினான்கு என்று நீளுவது கோளாறு அல்ல. மாறாக, 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் வாயு விடும் கூட்டம் பின்வாங்கி, வெறும் புளிப்பைத் தரும் கூட்டம் முந்திக்கொள்ளும். மாவு புளிக்கும்; இட்லி தட்டையாக இருக்கும்.

குளிர்ந்த மாவுக்குப் போர்வை

நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு இது. கம்பளி தானாகச் சூடு தராது. உள்ளே இருப்பதைத் தக்கவைக்கும். உள்ளே இருப்பது குளிர்ந்த மாவாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியையும் அது அதே விசுவாசத்தோடு காப்பாற்றும். இரண்டு அடுக்குப் போர்வைக்குள் 20 டிகிரி மாவை வைத்தால், வெளியே அறை 26 டிகிரியில் இருந்தாலும் அந்த வெப்பம் உள்ளே போக நேரமாகும். போர்த்தாமல் விட்டிருந்தாலாவது முன்னதாகப் பொங்கியிருக்கும்.

மாவு ஏன் முதலில் குளிர்கிறது? நம் வீடுகளில் பலரும் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கப் பழகியவர்கள். மிக்சியிலும் சிறிய கிரைண்டரிலும் உளுந்து சூடேறிவிடும் என்பதால் ஏற்பட்ட நல்ல பழக்கம் அது. ஆனால் மழை நாளில் அதே ஐஸ் தண்ணீர், அதிலும் குளிர்பதனப் பெட்டியில் ஊறவைத்த உளுந்தோடு சேரும்போது, மாவை 20 டிகிரிக்குக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு மூன்று கிலோ மாவு அறை வெப்பத்துக்கு வந்து சேரவே பாதி இரவு போய்விடும். அதன் பிறகுதான் புளிப்பு வேகம் எடுக்கிறது.

இத்தகைய நாள்களில் வெளியே, சாதாரண நீரில் ஊறவையுங்கள். உளுந்தை அறை வெப்ப நீரிலும், அரிசியை வெதுவெதுப்பான நீரிலும் அரைத்து இரண்டையும் கலந்தால் 28 டிகிரியைத் தொடுவது எளிது. அந்த மாவைப் போர்த்துங்கள். அப்போது கம்பளி தன் வேலையைச் செய்யும். சமையலுக்கான குச்சி வெப்பமானி பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அறையை அளக்காமல் மாவை அளங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு குறிப்பு: நம் உடலின் சூடு 37 டிகிரி. ஆகவே 30 டிகிரி மாவு கைக்குச் சூடாகவே தெரியாது. தொட்டதும் ‘நல்ல சூடு’ என்று தோன்றினால் அது ஏற்கெனவே அதிகம்.

ரைஸ் குக்கரும் அதன் உறவினர்களும்

ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலை சோற்றில் கிருமி பெருகாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது. அது 60 டிகிரிக்கு மேல் நிற்கும். பாக்டீரியாவைப் பெருகவிடாமல் தடுக்கவே வடிவமைத்த நிலையில் பாக்டீரியாவை வளர்க்க முயல்வது வேடிக்கைதான். பாத்திரத்தை ஒட்டிய மாவு வெந்து கட்டியாகும். நடுவில் இருப்பது புளிக்காமல் கிடக்கும். பத்து நிமிடம் போட்டு அணைத்துவிடுவேன் என்பவர்களும் அடியில் ஒரு அடுக்கை வேகவைத்துவிடுகிறார்கள். மின் அழுத்தக் குக்கர்களில் உள்ள தயிர் நிலை பரவாயில்லை. ஆனாலும் அது பொதுவாகத் தயிருக்கான 40 டிகிரியைக் குறிவைப்பது. வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கொதிநீர் நிரம்பிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்குவதும் இதே வகை. நீர் 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும், ஆறினால் மாற்றிக்கொள்ளலாம்.

என் தேர்வு, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு பார்பிக்யூ செய்யப் போகும்போது தூக்கிச் செல்கிற ஐஸ் பெட்டி. குளிரை உள்ளே வைக்கும் பெட்டி சூட்டையும் உள்ளே வைக்கும். மாவுப் பாத்திரத்தை அதில் வைத்து, பக்கத்தில் ஒரு பாட்டில் வெந்நீரைத் துண்டில் சுற்றி, பாத்திரத்தைத் தொடாதபடி நிறுத்தி மூடிவிடுங்கள். மின்சாரம் வேண்டாம், கண்காணிப்பும் வேண்டாம். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில், அணைத்து வைத்த மைக்ரோவேவுக்குள் ஒரு கோப்பை வெந்நீரோடு வைக்கலாம். காலையில் யாராவது பால் சூடாக்கத் திறப்பதற்குள் சொல்லி வையுங்கள்.

வீட்டில் எங்கே?

சமையலறைத் தரையும் கருங்கல் மேடையும் மோசமான இடங்கள். எவர்சில்வர் பாத்திரத்தின் அடி வழியாக வெப்பத்தை அவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் ஒரு மரப்பலகையோ மடித்த துண்டோ போட்டாலே வித்தியாசம் தெரியும். துணி காயப்போடும் பின்கட்டில் சாரலும் காற்றும் வரும். மழை நாளில் அங்கே வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியின் மேல் வைப்பது பழைய உத்தி. ஆனால் இக்காலப் பெட்டிகள் பலவற்றில் வெப்பம் பக்கவாட்டில்தான் வெளியேறுகிறது; மேலே தொட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (எச்டிபி) புதிய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கக் கட்டிய அறைதான் அது. தடித்த கான்கிரீட் சுவர், கனத்த கதவு, குளிர்சாதனம் கிடையாது. வெளியே வெப்பம் ஏறி இறங்கினாலும் உள்ளே மெதுவாகத்தான் மாறும். பெட்டிகளுக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே பாத்திரம் வைக்க இடம் கிடைத்தால் சரி.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஞாயிறு மாலை அரைத்து வாரத்துக்கு வைத்துக்கொள்வது வேலைக்குப் போகும் வீடுகளின் வழக்கம். மழை வாரத்தில் ஞாயிறு காலையே அரைத்துவிட்டால் பகலின் வெப்பம் மாவுக்குக் கிடைக்கும். இரவு படுக்கும்போது பொங்கியதை எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

உப்பு, கை, ஈஸ்ட்

அயோடின் உப்பு மாவைக் கொன்றுவிடும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். நாம் போடும் அளவில் அது பெரிய தடையல்ல. உப்பையே அள்ளிப் போட்டால் வேகம் குறையும் என்பது உண்மை. குளிர் நாளில் பாதியை முன்பும் மீதியைப் பொங்கிய பிறகும் சேர்ப்பது போதும். கையால் கலப்பதில் தவறில்லை, ஆனால் கைச்சூட்டில்தான் மாவு பொங்குகிறது என்று நினைக்க வேண்டாம். ஊறிய உளுந்தைக் குழாயடியில் மீண்டும் மீண்டும் அலசுவதுதான் கெடுதல். ஊறவைக்கும் முன் நன்றாகக் கழுவிவிட்டு, ஊறிய நீரையே விட்டு அரையுங்கள். பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பது நல்ல உதவி, இரண்டு கிண்ணம் சேர்த்தால் புளிப்புதான் மிஞ்சும். ரொட்டிக்கான ஈஸ்ட் போட்டால் பொங்கத்தான் செய்யும். சாம்பாருக்குப் பக்கத்தில் ரொட்டி வாசனையோடு ஓர் இட்லி வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சூடு போகாமல் இருக்கட்டும் என்று இறுக்கமாகத் திருகி மூடுவது ஆபத்து. வாயு வெளியேற வழி வேண்டும். கண்ணாடி ஜாடியாக இருந்தால் வெடிக்கவும் கூடும். தட்டு போட்டு மூடினால் போதும். மணிக்கொரு முறை திறந்து பார்ப்பதையும், பொங்கிய பிறகு கரண்டி விட்டுக் கலக்குவதையும் நிறுத்துங்கள். முன்னது சூட்டை வெளியேற்றும், பின்னது வாயுவை.

தயிர் வேறு

மாவுக்குச் சொன்னதை அப்படியே தயிருக்குப் பொருத்துவது இன்னொரு தவறு. கடைத் தயிரில் உள்ள பாக்டீரியா 40 முதல் 45 டிகிரியை விரும்புபவை. பால் 43 டிகிரிக்கு ஆறியதும் உறை ஊற்றி, ஐஸ் பெட்டியிலோ அகலவாய் பிளாஸ்கிலோ அசைக்காமல் விடுங்கள். பால் மிகச் சூடாக இருக்கும்போதே ஊற்றினால் உறை செத்துப்போகும். பிறகு எவ்வளவு போர்த்தினாலும் பால் பாலாகவே இருக்கும்.

உண்மையான குளிரில்

மெல்பர்னில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து ஜூலையில் வரும் கேள்விக்குத் தனியாகப் பதில் வேண்டும். அங்கே ஜூலை இரவுகள் சராசரியாக 6, 7 டிகிரிக்குப் போகும். இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டால் அறையும் குளிர்ந்துவிடும். இந்த நிலையில் சூட்டைக் காப்பது மட்டும் போதாது, கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும். அடுப்பைப் பற்றவைக்காமல், ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பது நன்றாக வேலை செய்யும், பழைய வகை பல்பாக இருந்தால். எல்இடி விளக்கு வெளிச்சத்தைத் தரும், சூடு தராது. ஒரு குவளை நீரை உள்ளே வைத்து, சில மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்துவிட்டு மாவை வைக்கச் சொல்லுங்கள். ஓவன் குமிழின் மேல் ‘உள்ளே மாவு’ என்று தாள் ஒட்டுவது கட்டாயம். அறைத்தோழர் பீட்சாவுக்காக 200 டிகிரியில் திருப்பிவிட்டால் பாத்திரமும் போகும்.

ஹீட்டர் மேல் நேரடியாகப் பாத்திரத்தை வைக்க வேண்டாம். ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் குளிரும். மின்சூட்டு விரிப்பைக் கம்பளிக்குள் மடித்துச் சுற்றவே கூடாது, தீ விபத்துக்கு அது போதும். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டில், தூங்கப் போகும் முன் ஒரு முறை நீர் மாற்றம் என்பதே அங்கும் எளிய வழி.

இவ்வளவும் செய்து காலையில் மாவு பாதியே உயர்ந்திருந்தால் இன்னும் மூன்று மணி நேரம் விடுங்கள். புளிப்பு வாசனை வந்தும் உயரவில்லை என்றால் இட்லிக்கு ஆகாது. கொஞ்சம் நீர் விட்டு மெல்லிய தோசையாக வார்த்தால் முறுகலாக வரும், பணியாரமும் சுடலாம். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், அல்லது அழுகல் நாற்றம் அடித்தால், மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.