பண்ணைப் பன்றிகளில் இன்ஃபுளுயன்சா: மாதிரி எடுக்கும் முறை

நாமக்கல் வட்டாரத்தில் வெண்பன்றி வளர்ப்பவர் கோழிப் பண்ணைகளை விட்டு வெகுதூரம் விலகியிருக்க முடியாது. பறவை வைரஸ் ஒட்டும் ஏற்பிகளும் மனித வைரஸ் ஒட்டும் ஏற்பிகளும் பன்றியின் சுவாசப் பாதையில் இருப்பதாலும், இன்ஃபுளுயன்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் 8 தனித் துண்டுகளாக இருப்பதாலும், இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறிப் புது வைரஸ் பிறக்கக்கூடும். 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸில் 6 துண்டுகள் வட அமெரிக்கப் பன்றி வைரஸிலிருந்தும், 2 துண்டுகள் ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளில் சுற்றிய வைரஸிலிருந்தும் வந்தவை.

மாதிரிக்குச் சாகக் கிடக்கும் பன்றியைத் தேடுவது வீண். நேற்றுத் தீனியை ஒதுக்கி, இன்று மூக்கொழுகி உடல் சுடுகிற குட்டியே தேவை. ஒரு வாரம் கடந்தால் மூக்கில் வைரஸ் கிடைப்பது அரிது. தாய்வழி எதிர்ப்பாற்றல் குறையும் பால்மறந்த குட்டிகளை முதலில் பார்க்க வேண்டும்.

கூட்டமாகச் சோதிக்க, சாயமேறாத புதுப் பருத்திக் கயிற்றைக் குட்டிகளின் தோள் உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். அரை மணி நேரத்தில் அவை மென்று ஊறவைத்துவிடும். ஈர நுனியைப் பிளாஸ்டிக் பைக்குள் பிழிந்து, பையின் மூலையை வெட்டி, எச்சிலைக் குப்பியில் வடிக்கலாம். ஆனால் கயிற்றைப் பல குட்டிகள் மென்றிருக்கும். அதில் இரண்டு வைரஸ் தெரிந்தாலும், ஒரே குட்டியில் இரண்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அதற்கு ஒவ்வொரு குட்டியிடமும் தனித்தனியாக மூக்குச்சளி எடுத்தாக வேண்டும். செயற்கை இழைக் குச்சியால் எடுத்து, வைரஸ் கெடாமல் ஆய்வகம்வரை கொண்டுசெல்ல உதவும் ‘வைரஸ் கடத்து திரவத்தில்’ போட்டு, 4 டிகிரி குளிரில் கால்நடை மருத்துவர் வழியே விரைவாக அனுப்ப வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் வைரஸ் கெட்டுவிடும்.

படிவத்தில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று மட்டும் எழுத வேண்டாம். குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அந்தப் பன்றிக் காய்ச்சல் வேறு வைரஸ். இன்ஃபுளுயன்சா என்றே எழுத வேண்டும். எச், என் என்பவை வைரஸின் மேற்பரப்பிலுள்ள இரண்டு புரதங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. ஆய்வகம் இவற்றின் வகையோடு நிறுத்திவிட்டால் மற்ற ஆறு துண்டுகளின் கலப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே 8 துண்டுகளின் மரபு வரிசையையும் கண்டறியக் கேட்க வேண்டும்.

காய்ச்சல், இருமல் உள்ள பணியாளரைக் கொட்டகைக்குள் விடக் கூடாது. மனிதரிடமிருந்தும் பன்றிக்குத் தொற்றும். வலசைப் பறவைகள் இறங்கும் குளங்களின் நீரையும் காட்டக் கூடாது. மாதிரி எடுத்த தேதிக்குப் பக்கத்திலேயே, அந்த வாரம் யாருக்குச் சளி பிடித்திருந்தது, புதுக்குட்டிகள் எந்தச் சந்தையிலிருந்து வந்தன என்பதையும் பண்ணைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.