மிஸ்டர் பீன் வேறு, அட்கின்சன் வேறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தத் தன்னம்பிக்கைக் கதை உங்களுக்கும் வந்திருக்கும். திக்குவாய்ப் பையன். முகம் சரியில்லை என்று டிவிக்காரர்கள் எல்லாரும் துரத்திவிட்டார்கள். பேச்சு வராததால் பேசாமலேயே நடித்தான், மிஸ்டர் பீன் ஆனான், கோடீஸ்வரன் ஆனான். கீழே மூன்று கைகூப்பும் எமோஜி. மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சனைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் பலர் இதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் பத்தியிலேயே வண்டி தடம் புரண்டுவிடுகிறது.

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1979இல் பிபிசி 2இல் 'நாட் தி நைன் ஓ'கிளாக் நியூஸ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியபோது அவருக்கு வயது 24. 1981இல் லண்டன் வெஸ்ட் எண்டில் அவர் பெயரைத் தாங்கிய மேடை நிகழ்ச்சி, அதற்கு பிரிட்டனின் நாடக விருதான ஒலிவியே. 1983 முதல் 1989க்குள் 'பிளாக்ஆடர்' என்ற சரித்திர நகைச்சுவை நான்கு தொடர்கள். மிஸ்டர் பீன் ஐடிவியில் முதன்முதலாக வந்தது 1990 ஜனவரி 1 அன்று. அட்கின்சனுக்கு 35 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. பிரிட்டனில் அதற்குள் அவரைத் தெரியாத வீடு கிடையாது. யாரும் துரத்திவிட்டு அவர் பீனிடம் வந்து சேரவில்லை.

அடுத்த தவறு இன்னும் பெரியது: அவரை 'பேசாத நடிகர்' என்று எழுதுவது. நம் ஊரில் பீனைத்தான் முதலில் பார்த்தோம், ஆங்கிலம் தெரியாத பாட்டிகூட உட்கார்ந்து சிரித்தார், அதனால் வந்த வினை இது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிளாக்ஆடரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த மனிதரின் மூலதனமே வாய்தான் என்று. அதில் அவர் ஒரு குட்டிக்கரணம்கூட அடிப்பதில்லை. கைகட்டி நின்றபடி, வேலைக்காரன் பால்ட்ரிக்கை ஒரே வாக்கியத்தில் நார் நாராகக் கிழிப்பார். இரண்டாம் தொடரில் ஆண்வேடம் போட்ட ஒரு பெண்ணுக்கு 'பாப்' (Bob) என்று பெயர். இரண்டு உதட்டையும் அழுத்தி மூடி, அந்தச் சின்னப் பெயரை வெடிபோல வெளியே விடுவார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. 'பி' (B) ஓசையில்தான் அவருக்குத் திக்கும். அந்த அழுத்தம் அதைத் தாண்டிப் போகிற வழியும்கூட.

திக்குவாயைப் பற்றி எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம், ஆனால் அவர் சொன்னதை எழுதுங்கள். இன்னொருவராக நடிக்கும்போது திக்கு மறைந்துவிடுகிறது, நடிப்பைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்றுதான் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பேச முடியாததால் மௌனத்துக்குப் போனார் என்பதற்கு இது நேர் எதிர்.

மௌனம் அவராகத் தேர்ந்தெடுத்தது. 1987இல் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவுக்குப் போனவர், ஆங்கில மேடை வேண்டாம், பிரெஞ்சு பேசுகிறவர்கள் மேடையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். தன் மொழி புரியாத கூட்டம் வெறும் உடம்பைப் பார்த்துச் சிரிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பு நகைச்சுவைதானே, கோமாளித்தனம்தானே என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் முதல் எபிசோடின் தேவாலயக் காட்சியை மறுபடி பார்க்கலாம். பிரசங்கத்தில் பீனுக்குத் தூக்கம் சொக்குகிறது. தலை சாய்கிறது, இடுப்பு மடிகிறது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கையிலிருந்து நழுவி, கடைசியில் நெற்றி தரையில். அவசரமே இல்லை. அப்புறம் பாட்டு நேரம். வரிகள் தெரியாது, முணுமுணுத்துச் சமாளிக்கிறார். 'அல்லேலூயா' வரும்போது மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்! கல்யாண வீட்டில் மந்திரம் தெரியாமல் முழித்துவிட்டு, 'கெட்டிமேளம்' என்றதும் எல்லாரையும் முந்திக்கொண்டு அட்சதை போடுவோமே, அந்த மாதிரி.

இதையெல்லாம் அவர் ஒருவர் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பழக்கமான ரிச்சர்ட் கர்டிஸும், ராபின் டிரிஸ்கோலும் பீனின் எழுத்தில் பங்காளிகள். தொடக்கத்தில் கேட்கும் கோயில் பாடல் மாதிரியான கோரஸ் ஹோவர்ட் குடால் போட்டது. லத்தீனில் அவர்கள் பாடுவது 'இதோ, பீன் என்னும் இந்த மனிதன்' என்றுதான்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. 'நூற்றுக்கணக்கான எபிசோடுகள்' என்று எழுதாதீர்கள். அசல் தொடர் மொத்தமே 15. கார்ட்டூன் 2002இல் வந்தது, அது தனிக் கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வாங்கியது மின் பொறியியலில் முதுகலைப் பட்டம், டாக்டர் பட்டம் இல்லை. அவருடைய ஐ.க்யூ என்று ஓர் எண் சுற்றுகிறதே, அதை யார் அளந்தார்கள் என்று எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை, விட்டுவிடுங்கள். பீனுக்குப் பிறகு உளவாளிக் காமெடிப் படமான ஜானி இங்கிலீஷ்தான் என்று தாவினால், 2016இலும் 2017இலும் டிவியில் சிரிப்பே இல்லாமல் பைப்போடு அவர் துப்பறிந்த மெக்ரே வேடம் விட்டுப்போகும்.

அப்புறம், 'மிஸ்டர் பீன் காலமானார்' செய்தி. சில வருடங்களுக்கு ஒருமுறை வரும், கறுப்பு வெள்ளைப் படத்தோடு. அப்படிப் பலமுறை 'காலமான'வர்தான் 2022இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு தேனீயைத் துரத்தி ஒரு பணக்கார வீட்டையே நாசம் செய்தார். அடுத்த வருடம் 'வோங்கா'வில் பாதிரியாராக வந்து நின்றார்.